மாத்திரை தொடாத டீச்சர்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் அங்கன்வாடி மேற்பார்வையாளர் அவள். வழக்கமாகப் பதிவேடு, படிவம் என்று ஏதாவது கேட்பாள். அன்றைக்குக் கேட்டது வேறு.

"மேடம், என் செக்டர்ல ஒரு டீச்சர் இந்த மாசத்துலேர்ந்து முட்டை வேக வைக்க மாட்டேங்குறாங்க. ஏதோ ஒரு ஆன்மிக அமைப்புல சேர்ந்திருக்காங்களாம், முட்டையத் தொட்டா விரதம் கெட்டுடுமாம். அவங்க அப்படி மறுக்கலாமா? சட்டத்துல பாதுகாப்பு ஏதாவது இருக்கா? எஸ்தர் டீச்சர் விஷயத்த நீங்கதானே பாத்தீங்க."

"தெரியலம்மா" என்றேன்.

நான் நழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல, குரல் மாறிவிட்டது. ஆனால் நான் சொன்னது உண்மை. அந்த விஷயத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை நடுவில் நின்றவள் நான். யார் செய்தது சரி என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், படித்துப் பார்த்து நீயே முடிவு செய்துகொள் என்று சொல்லி வைத்தேன்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. இரண்டாவது பெண் பிறந்த பிறகு பால்வாடி டீச்சராகச் சேர்ந்தேன். பயிற்சியில் பாட்டு, களிமண் பொம்மை, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையைப் பெற்றவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் நானாகத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பிறகு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்தது. திருவொற்றியூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை இருந்த மையங்கள் என் பொறுப்பு. ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கியே அந்த வருடங்கள் போயின.

எஸ்தர் டீச்சரின் மையம் எண்ணூரில் ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தது. ஒரே அறை, பக்கத்தில் ஒரு சமையல் கட்டு. ஆயா கன்னியம்மா காலையில் வந்ததும் ஜன்னல் கட்டையில் படிந்திருக்கும் அனல் மின் நிலையச் சாம்பலைத் துடைப்பார். அதற்குள் எஸ்தர் டீச்சர் பாயை விரித்து முடித்திருப்பார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை. காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது, பூவும் இல்லை. புருஷனை இழந்தவர் என்பதால் அப்படி என்று முதலில் நினைத்தேன். புருஷன் இருந்தபோதே அப்படித்தானாம், அவர்கள் சபையின் வழக்கம்.

வேலையில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. தொங்கு தராசில் உட்கார வைத்தால் எந்தக் குழந்தையும் அலறும். இவர் முதலில் ஒரு துணிப் பொம்மையை உட்கார வைத்து, "பொம்மை எவ்ளோ கனம் பாரு" என்று எல்லாக் குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு அவர்களே நான் நான் என்று வரிசையில் நிற்பார்கள். எடையை உள்ளபடி எழுதுவார். அதில்தான் எனக்குச் சிக்கல். மற்ற மையங்களில் எடை குறைந்த குழந்தைகள் ஒன்றோ இரண்டோ இருக்கும்போது இவருடைய பதிவேட்டில் மட்டும் எட்டு பத்து இருக்கும். அலுவலகத்தில் என்னைக் கேட்பார்கள். ஒருமுறை, "ஒரு வரியைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க டீச்சர்" என்று ஜாடையாகச் சொன்னேன். "தராசு சொல்றததான் மேடம் நான் எழுதறேன்" என்றார். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை அழைத்து வருவதும் அவர்தான். சொட்டு விடுவது நர்ஸ் என்பதால் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. குடற்புழு நீக்க மாத்திரையை இனிமேல் அங்கன்வாடிப் பணியாளரே தன் கையால் கொடுக்க வேண்டும். அதைச் சொன்ன அலுவலகக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது எஸ்தர் டீச்சர் என் பக்கத்தில் வந்தார்.

"மேடம், நான் மாத்திரை கொடுக்க மாட்டேன்."

"பயமா? ஒண்ணும் ஆகாது டீச்சர். எப்படிக் கொடுக்கறதுன்னு சொல்லித் தருவாங்க."

"பயம் இல்ல மேடம். நாங்க மருந்து எடுக்கறதில்ல. எங்க சபையில யாரும் எடுக்க மாட்டோம்."

அவருடைய புருஷன் ஒரு சமயம் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சபைக்காரர்கள் வந்து ஏழு நாள் உட்கார்ந்து ஜெபித்தார்கள். எழுந்துவிட்டார். அதன்பிறகு ஒன்பது வருடம் கடலுக்குப் போனார். அன்றிலிருந்து இவர் ஒரு காய்ச்சல் மாத்திரைகூடத் தொட்டதில்லை. இதையெல்லாம் அந்தப் படிக்கட்டிலேயே சொன்னார்.

"நீங்க எடுக்க வேணாம் டீச்சர். பிள்ளைங்களுக்குத்தானே கொடுக்கச் சொல்றாங்க."

"கொடுக்கக் கூடாதுன்னு நான் ஒரு அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். எல்லாரையும் கூட்டியாறேன். வரிசையா உக்கார வைக்கிறேன், பேர் கூப்பிடறேன், தண்ணி மொண்டு கொடுக்கறேன். என் கையால வாயில வைக்கறது மட்டும் முடியாது."

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கு இருக்கு மேடம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு விரலால் ஒரு மாத்திரையை எடுத்து வைப்பதில் என்ன மதம் இருக்கிறது என்று தோன்றியது. பூச்சி இருந்து பிள்ளைக்கு ரத்தம் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மேடம் உங்ககிட்ட முன்னாடியே சொல்றேன். வேற யாராவது வந்து கொடுக்கணும்."

அங்கேதான் நான் விழுந்தேன். பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு மாத்திரைகளைக் குப்பையில் கொட்டியிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் அதைச் செய்யவில்லை.

அதனால் நானே போனேன். வருடத்துக்கு இரண்டு முறை, அந்த ஒரு மையத்துக்கு. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை. இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து அழுத்தி நன்றாகப் பொடியாக்கி, தண்ணீரில் குழைத்து ஊட்ட வேண்டும். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முழு மாத்திரை. அப்படியே விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும். தின்ற பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ வேறு சுகவீனமோ இருந்தால் கொடுக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. முதல் நாள் கொடுத்தால் பதிவேட்டில் ஒரு டிக், இரண்டாம் நாள் கொடுத்தால் இரண்டு டிக். எஸ்தர் டீச்சர் பேர் கூப்பிடுவார், மடியில் உட்கார வைத்துக்கொள்வார், தண்ணீர் கொடுப்பார். நான் வாயில் போடுவேன். 'வழங்கியவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். நான் போடுவேன். இப்படி மூன்று வருடம் போனது. எங்கள் திட்ட அலுவலரிடம் நான் இதைச் சொல்லவில்லை.

எல்லாம் வெளியே வந்த அந்த நாள், விடுபட்டவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் நாள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றிருந்தன. ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. இறங்கி நடக்கத் தொடங்கினேன். குப்பத்துக்குத் திரும்பும் முனையில் இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து எஸ்தர் டீச்சர் ஓடி வந்தார். தோளில் ஒரு குழந்தை. செருப்பில்லை. பின்னால் கன்னியம்மா மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்.

"புள்ளைக்கு வலிப்பு மேடம். கையும் காலும் இஸ்துகினு கீது. நம்ம சுகந்தி புள்ள" என்றார் கன்னியம்மா.

குழந்தையின் பெயர் தருண், மூன்று வயது. அம்மா சுகந்தி மீன் விற்பவர். கண் மேலே செருகியிருந்தது, உடம்பு நெருப்பாகச் சுட்டது. அந்த நெரிசலில் எந்த வண்டியைக் கூப்பிடுவது? ஹெல்மெட் போட்ட ஒரு மனிதர் பைக்கை நிறுத்தி, "ஏறும்மா" என்றார். எஸ்தர் டீச்சர் குழந்தையோடு பின்னால் ஏறிக்கொண்டார். பைக் லாரிகளுக்கு இடையில் புகுந்து போய்விட்டது. அந்த மனிதர் யார் என்று இன்றுவரை தெரியாது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் டீச்சர் குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காய்ச்சலால் வந்த வலிப்புதான், இந்த வயதில் வருவதுண்டு, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். "எவ்வளவு நேரம் இருந்தது?" என்று கேட்டார்.

"சரியாத் தெரியல டாக்டர்" என்றார் எஸ்தர் டீச்சர். "முதல்ல தலையில கை வச்சு ஜெபம் பண்ணேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் தூக்கினு ஓடியாந்தேன்."

அந்த நேரம் பார்த்து தருணின் அப்பா வேலு உள்ளே வந்தார். நிலக்கரி யார்டில் காண்டிராக்ட் வேலை செய்பவர், வேலை உடுப்போடு அப்படியே ஓடி வந்திருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா டீச்சர் சொல்ற? எம் புள்ள சாவக் கெடக்கறான், நீ பிரேயர் பண்ணினு இருந்தியா?"

"ஆமா. தப்புதான்" என்றார் அவர்.

சுகந்தி ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். முந்தின நாளே பிள்ளைக்குக் காய்ச்சல், சிரப் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டு மீன் ஏலத்துக்குப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலுவின் புகார் இரண்டு நாளில் அலுவலகத்துக்கு வந்தது. யாரோ டைப் செய்து கொடுத்திருந்தார்கள். டீச்சர் குழந்தைகள் மீது மதத்தைத் திணிக்கிறார், அரசு கொடுக்கும் மருந்தைக் கொடுக்க மறுக்கிறார், சிகிச்சையைத் தாமதப்படுத்தினார் என்று மூன்று குற்றச்சாட்டு. விசாரித்து அறிக்கை தரச் சொல்லி எனக்கு உத்தரவு.

மையத்துக்குப் போய்க் கன்னியம்மாவை உட்கார வைத்துக் கேட்டேன்.

"டீச்சர் எவ்ளோ நேரம் ஜெபம் பண்ணாங்க?"

"நான் இன்னா கடியாரத்தயா பாத்துகினு இருந்தேன்? சாவியத் தேடினு இருந்தேன் மேடம்."

"எந்தச் சாவி?"

"பீரோ சாவி. இரும்ப கையில கொடுத்தா வலிப்பு நிக்கும்ல? சனியன் புடிச்ச சாவி பூட்டுலயே தொங்கினு கீது, நான் பை பூரா துழாவினு கீறேன். அப்பால எடுத்தாந்து புள்ள கையில வச்சி மூடினேன். அதுக்கப்பறம்தான் தூக்குங்க டீச்சர்னு நானே சொன்னேன்."

எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். அப்படியானால் குழந்தையைத் தூக்காமல் நின்ற அந்த இரண்டு நிமிடம் ஜெபத்துக்கா, சாவிக்கா? இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்திருக்கிறது. வேலு சாவியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார், அவரும் அந்தச் சாவியைத்தான் தேடியிருப்பார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், உடையைத் தளர்த்த வேண்டும், கையிலும் வாயிலும் எதையும் திணிக்கக் கூடாது, நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை நான் யாருக்காவது சொல்லிக்கொடுத்தேனா என்றால் இல்லை. எனக்கே அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும். நான் நேரத்துக்கு வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேனோ.

சாவியை எழுதினால் கன்னியம்மாவும் மாட்டிக்கொள்வார். எழுதாவிட்டால் ஜெபம் மட்டும் தனியாக நிற்கும். கடைசியில் இரண்டையும் எழுதினேன்.

எங்கள் திட்ட அலுவலர் பத்மாவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் வாங்கிப் படிக்க மாட்டார். "நீங்களே வாசிங்க" என்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நாம் எழுதியதை நாமே சத்தமாக வாசிக்கும்போதுதான் எங்கே மழுப்பியிருக்கிறோம் என்று நமக்கே கேட்கும். அந்த இடத்தில் சரியாகக் கண்ணைத் திறப்பார்.

வாசித்தேன். சாவி வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"சாவியைப் பத்தி யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப எதுக்கு எழுதினீங்க?"

"அதுவும் அதே ரெண்டு நிமிஷம்தான் மேடம்."

மேடம் பென்சிலை எடுத்தார். "எங்க வீட்லயும் சாவிதான் கொடுப்பாங்க" என்றார். சிரிக்கவில்லை. அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வைத்துக்கொள்ளவா நீக்கவா என்று சொல்லவில்லை.

அடுத்து மாத்திரைப் பதிவேட்டைத் திருப்பினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது மேடம்."

"மூணு வருஷமாவா?"

"ஆமா மேடம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும்னு சொல்லல."

"இப்ப மட்டும் எடுக்க வேணாமா?" என்றார்.

அவர் மேஜையில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகம் இருந்தது. நடுவில் ஒரு காகிதம் வைத்திருந்தார். முன்பே பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. "எல்லாருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் உண்டுன்னு இருக்கு பரிமளா. ஆனா அதே வரியில பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் இதுக்கெல்லாம் உட்பட்டுதான்னும் இருக்கு. நம்ம வேலையே உடல்நலம்தான். இத வச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டார். என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அங்கன்வாடி ஊழியர் சங்கச் செயலாளரிடம் நான் முதல் நாளே கேட்டிருந்தேன். "நாம மதிப்பூதியத்துல வேலை செய்றவங்க மேடம். அரசு ஊழியருக்கு இருக்கற விதி எதுவும் டீச்சருங்களுக்குப் பொருந்தாது. பாதுகாப்பு கேக்கணும்னா முதல்ல நாம யாருன்னு தீர்மானமாகணும்" என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் மேடத்திடம் சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மருந்து எஸ்தர் டீச்சர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே மாத்திரை வழங்கும் பணியிலிருந்து விலக்கு வேண்டும் என்று அவர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதை வைத்து, நிர்வாகக் காரணங்களுக்காக அந்த மையத்தில் நர்ஸே மாத்திரை கொடுக்கலாம் என்று மேடம் உத்தரவு போடுவார். மதம் என்ற சொல்லே எங்கும் வராது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எஸ்தர் டீச்சரை உள்ளே கூப்பிட்டேன். மேடம் கடிதத்தைத் தயாராகவே வைத்திருந்தார்.

அவர் இரண்டு முறை படித்தார். "இது உண்மையில்ல மேடம்."

"உண்மைய எழுதினா நான் மேல அனுப்பியாகணும். மேல போனா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும்."

"மருந்து எனக்கு ஒத்துக்கலன்னு எழுதினா, நான் மருந்து சாப்ட்டுப் பாத்தவள்னு ஆயிடுதே மேடம். மையத்துல சத்தமா ஜெபம் பண்ண மாட்டேன்னு எழுதித் தரேன். அவங்க புள்ளைங்க, அவங்க சாமி. அது என் தப்புதான். இதுல மட்டும் என்னால கையெழுத்துப் போட முடியாது."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். யோசித்துச் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

வராந்தாவில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு வரி டீச்சர். வேலை நிக்கும். பிள்ளைங்களுக்கும் மாத்திரை கிடைக்கும். யாருக்கு நஷ்டம்?"

"எடைய மாத்தி எழுதச் சொன்னப்பவும் ஒரு வரின்னுதான் சொன்னீங்க மேடம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வேகத்தில் நானும் கேட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரியில ஊசி போடறப்ப கையப் பிடிச்சுகிட்டு நின்னீங்களே? அப்ப எங்க போச்சு விசுவாசம்?"

அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சபையிலயும் இதையேதான் கேட்டாங்க மேடம். மூணு மாசத்துக்கு நான் ஆராதனையில எழுந்து சாட்சி சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நீங்களும் கேக்கறீங்க. எனக்கே தெரியல. புள்ள கை துடிச்சுகினு இருந்துது. நர்ஸ் பிடிக்கச் சொன்னாங்க. பிடிச்சேன்."

இரண்டு பக்கமும் குற்றவாளியாக நிற்கும் ஒருவரிடம் எந்தப் பக்கம் நின்று பேசுவது?

அவர் கடிதம் கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பணியிலிருந்து விடுவித்து உத்தரவு வந்தது. எனக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சாவியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லா டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்மாவதி மேடம் ஒரு நாள் பயிற்சி வைத்தார். அதில் கன்னியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் டீச்சர் இல்லை.

மையத்தை ஒப்படைக்கும் நாளில் எஸ்தர் டீச்சர் ஸ்பூன், தட்டு, தராசு, பொம்மை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். வேலு வாசலில் வந்து நின்றார். "நான் கேக்கத்தான் சொன்னேன் மேடம், வேலைய விட்டு எடுக்கச் சொல்லலியே" என்றார் என்னிடம். எஸ்தர் டீச்சர் தருண் நன்றாக இருக்கிறானா என்று அவரிடம் கேட்டார். அவர் "ம்" என்றார்.

புதிய டீச்சர் தூரத்திலிருந்து வர வேண்டியவர். குப்பத்துப் பெண்கள் விடிந்ததும் ஏலத்துக்குப் போய்விடுகிறவர்கள். மையம் திறக்கும் வரை பிள்ளைகளை எங்கே விடுவது? இரண்டு மாதத்தில் அவர்களில் பாதிப் பேர் எஸ்தர் டீச்சர் வீட்டில் விட ஆரம்பித்தார்கள். சில பிள்ளைகள் நாள் முழுக்க அங்கேயே இருந்தன. தருணையும் சுகந்தி அங்கேதான் விட்டார். பதிவேடு இல்லை, மேற்பார்வை இல்லை, வீட்டில் ஒரு மருந்து கிடையாது. இதை அலுவலகத்தில் சொல்ல வேண்டியது என் கடமையா இல்லையா? சுகந்தியை வழியில் பார்த்தபோது கேட்டேன்.

"டீச்சர் மருந்து கொடுக்க மாட்டாங்களே சுகந்தி, தெரிஞ்சும் விடறியே?"

"தெரியும் மேடம். ஆனா ஒண்ணுன்னா டீச்சரு தூக்கினு ஓடும்ல" என்றார்.

நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்லாதது தப்பு என்று நினைத்த நாட்களும் உண்டு.

அடுத்த மாத்திரை நாள் வந்தது. நான் அந்த மையத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, புதிய டீச்சர் கொடுத்துவிடுவார். ஆனாலும் போனேன். பத்து மணி இருக்கும். தெருமுனையிலிருந்து ஒரு வரிசை வந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பதினோரு குழந்தைகள். கடைசியில் ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் டீச்சர். மையத்தில் சேராத பிள்ளைகளுக்கும் அன்றைக்கு அங்கேதான் மாத்திரை. கேட்டுக்கு வெளியே நின்று, தலையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். கைக்குழந்தையைக் கன்னியம்மா வந்து வாங்கிக்கொண்டார். அவர் உள்ளே வரவில்லை. வெயிலில் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

கைக்குழந்தைக்கு நான்தான் ஸ்பூனில் பொடித்து ஊட்டினேன். மற்றவர்களுக்குப் புதிய டீச்சர் கொடுத்தார். ஒரு பெண் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். எல்லோரையும் கேட்டருகே கொண்டுபோய் விட்டபோது அவர் தலைகளை எண்ணினார்.

"எல்லாருக்கும் ஆச்சா மேடம்?"

"இந்தப் பொண்ணுக்கு மட்டும் கொடுக்கல டீச்சர். உடம்பு சுடுது."

அவர் அந்தப் பெண்ணின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அவள் அம்மாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கன்னியம்மாவிடம் சொன்னார். பிறகு என் கையிலிருந்த பதிவேட்டை எட்டிப் பார்த்தார். அவள் பெயருக்கு நேராக வெறும் கட்டம்.

"அடுத்த வாரம்தானே மேடம் ரெண்டாவது நாள்? நான் கூட்டியாறேன்."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களை முன்னால் விட்டு நடந்து போனார். அடுத்த வாரம் நான் போவதற்கு முன்பே, அந்த ஒரு குழந்தையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்.